குளிர்காற்றும் கொடுவெய்யிலும்

ஒக்லாந்தில் தைப்பொங்கல் கோடை விடுமுறையின் நடுவே வருகின்றது. மார்கழிப் பனி விலகாத காலைகளில் பொங்கிப் பழகிய எமக்கு இது முதலில் விந்தையாகவே இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன், பொங்கலை அடுத்த சனிக்கிழமை, நாம் குடும்பத்துடன் மிஷன் பே கடற்கரைக்குச் சென்றிருந்தோம். வானத்தை மெல்லிய முகில் மூடியிருந்தது. ரங்கிட்டோட்டோத் தீவின் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வீசிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எம்முடன் வாழும் அப்பம்மா கம்பளிச் சால்வையை இழுத்துப் போர்த்தியபடி மரநிழலில் அமர்ந்திருந்தார். ஒன்பது வயது நிரம்பிய எமது மகன் மேற்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, முற்பகல் பதினொரு மணி தொடக்கம் மூன்று மணிவரை ஈரமணலில் கோட்டை கட்டினான்.

"வெய்யிலுக்கை நிண்டு விளையாடாதை மோனை, கறுத்துப் போவாய்!" என்று அப்பம்மா அரை மணிக்கு ஒருமுறை குரல் கொடுத்தார். வெய்யில் எங்கே இருக்கின்றது என்று நாம் நகைத்தோம். பாடசாலையின் வற்புறுத்தலுக்காக வாங்கிய வெய்யிற்காப்புக் களிம்பு வீட்டு அலுமாரியில் முத்திரை உடைக்கப்படாமல் கிடந்தது. வெய்யில் சுடுவது வெள்ளைத் தோலினருக்கு உரிய தொல்லை என்பது எமது அசையாத நம்பிக்கை.

அன்றிரவு பிள்ளையால் முதுகைச் சாய்த்துப் படுக்க இயலவில்லை. தோள்கள் செம்பு நிறமாகக் கொதித்தன. மறுநாள் இரண்டு கொப்புளங்கள் எழுந்தன. ஒரு வாரத்தில் தோல் பாம்புச் சட்டை போல உரிந்தது. "நான் சொன்னனான், பார், எப்படிக் கறுத்துப் போனாய்" என்று அப்பம்மா எண்ணெய் தடவ வந்தபோது அவன், "கறுத்தால் என்ன அப்பம்மா? சுட்டதெல்லோ நோகுது" என்றான். எம்மிடம் அதற்கு மறுமொழி இருக்கவில்லை. தோல் பற்றியும் வெய்யில் பற்றியும் பின்னர் நாம் தேடி அறிந்தவற்றுட் சிலவற்றை இம்மலரினூடாகப் பிற பெற்றோருடனும் மாணவருடனும் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

வெய்யில் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பதனுள் மூன்று பொருள்கள் அடங்கியுள்ளன. ஒன்று கண்ணுக்குப் புலனாகும் ஒளி. மற்றொன்று உடலுக்குப் புலனாகும் வெப்பம். மூன்றாவது கண்ணுக்கும் தெரியாமல் உடலுக்கும் உணர்த்தாமல் வரும் கழியூதாக் கதிர். தமிழ்நாட்டு நூல்கள் இதனைப் புறஊதாக் கதிர் என்னும். தோலைச் சுடுவது இம்மூன்றாவதே. சூரிய சக்தியில் இதன் பங்கு சிறிது. எனவே இது நாள் முழுதும் மேலே விழுந்தாலும் சூடு தெரியாது. குளிர்காற்று வெப்பத்தைக் கொண்டு செல்லும். கதிரைக் கொண்டு செல்லாது. மெல்லிய முகில் ஒளியை மங்கச் செய்யும். கதிரின் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். தோல் சிவப்பதும் எரிவதும் சில மணி நேரம் கழித்தே தொடங்கி மறுநாளளவில் உச்சமடைவதால், கடற்கரையில் இருக்கும்போது பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது.

"யாழ்ப்பாணத்து வெய்யிலில் வளர்ந்த எமக்கு இந்த வெய்யில் எம்மாத்திரம்?" என்று கேட்போர் பலர். நாமும் கேட்டவர்களே. உண்மையில் யாழ்ப்பாணத்துக் கழியூதாக் கதிர் ஒக்லாந்தினதைவிடக் குறைந்ததன்று. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் மிகக் கூடியதே. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் அங்கு நடுப்பகற் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கின்றது. நின்றவனின் நிழல் அவன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். ஆவணி மாதத்தில், பெரும்பாலும் நல்லூர்த் திருவிழாவை ஒட்டி, அது மீண்டும் ஒருமுறை உச்சிக்கு வரும். அவ்வாறாயின் நாம் ஏன் அங்கு வெந்து போகவில்லை?

விடை எமது தோலில் மட்டும் இல்லை. எமது வாழ்க்கை முறையில் இருந்தது. அப்பம்மாவிடம் இதுபற்றிக் கேட்டு ஒரு மாலை முழுவதும் பேசிக்கொண்டிருந்தோம். புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் விடியுமுன் துலா மிதித்து இறைத்து, வெய்யில் ஏறுமுன் தோட்டத்தை விட்டு வெளியேறிவிடுவார்களாம். பகல் பதினொரு மணிக்குப் பின் ஒழுங்கையில் ஆளரவம் இராது. மோர் குடித்துத் திண்ணையில் சாய்வார்கள். வெளியே சென்றே ஆகவேண்டியவர் சால்வையைத் தலையிலே போட்டுக்கொள்வார். குடை மழைக்கு விரிந்ததைவிட வெய்யிலுக்கு விரிந்ததே அதிகம். வீட்டு முற்றத்தில் வேம்பு, வேலியோரத்தில் பூவரசு, கோயில் வீதியில் தண்ணீர்ப் பந்தல். வெறுங்காலுடன் நடுப்பகலில் மணலில் இறங்கிய பிள்ளையை எவரும் திரும்பி வா என்று அழைக்கத் தேவையில்லை. மணலே திருப்பி அனுப்பிவிடும்.

வெப்பமே அங்கு எமக்குக் காவலாக இருந்தது. கழியூதாக் கதிர் மிகுந்த நேரமும் வெப்பம் மிகுந்த நேரமும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்தமையால், சூட்டுக்கு அஞ்சி ஒதுங்கியவர்கள் கதிரிலிருந்தும் தாமறியாமலே ஒதுங்கிக்கொண்டனர். ஒக்லாந்துக்கு வரும்போது தோலைக் கொண்டுவந்தோம். காவற்காரனை ஊரிலேயே விட்டுவந்தோம்.

இந்நாட்டு வெய்யிலின் இயல்பையும் சற்று நோக்குதல் வேண்டும். ஒக்லாந்து தெற்கே 37 பாகை அகலக்கோட்டை ஒட்டி உள்ளது. வடக்கே அதே அகலக்கோட்டில் ஸ்பெயின் நாட்டின் தென்பகுதி இருக்கின்றது. இரண்டிலும் கோடைச் சூரியன் ஒரே உயரத்துக்கே ஏறும். ஆயினும், ஒத்த அகலக்கோட்டில் உள்ள வட அரைக்கோளத்து இடங்களைவிட நியூசிலாந்தின் கோடை உச்சக் கழியூதாக் கதிர் ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம் என்பது ஒட்டாகோவிலுள்ள லோடர் நிலையத்தின் அளவீடுகளால் தெரியவந்தது. காரணங்கள் பல. பூமி ஆண்டுதோறும் ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அண்மையில் வருகின்றது. ஜூலை மாதத்தைவிட ஏறத்தாழ 50 இலட்சம் கிலோமீற்றர் அண்மை. எனவே எமது கோடை, சூரியன் அண்மையில் இருக்கும் கோடை. இங்கு காற்றில் தூசியும் புகையும் குறைவு. கோடையில் இங்கு வானிலுள்ள ஓசோனின் அளவும் வடக்கேயுள்ளதைவிடக் குறைவு.

ஓசோன் என்றதும் பலர், "எமது தலைக்கு மேல் ஓட்டை இருக்கின்றதாமே" என்பர். அது சரியன்று. 1985 ஆம் ஆண்டு பிரித்தானிய ஆய்வாளர் வெளிப்படுத்திய ஓசோன் துவாரம் அந்தாட்டிக்காவுக்கு மேலே, வசந்தகாலத்தில் தோன்றி மறைவது. நியூசிலாந்து அதன் கீழ் இல்லை. அது கலையும்போது ஓசோன் குறைந்த காற்று சில வேளை இப்பக்கம் வருவதுண்டு, அவ்வளவே. 1987 இல் கைச்சாத்தான மொன்றியல் உடன்படிக்கையின் பயனாக ஓசோன் படை மெல்ல மீண்டு வருகின்றது. எனினும் எமது பிள்ளைகளின் தோள்கள் அதுவரை காத்திருக்கமாட்டா.

கழியூதாச் சுட்டெண் என்றோர் அளவு உண்டு. 1992 இல் கனடாவில் தொடங்கி இன்று உலகெங்கும் வழங்குவது. மூன்றைத் தொட்டால் காப்புத் தேவை. 11 உம் அதற்கு மேலும் அதிதீவிரம். ஒக்லாந்தின் தெளிவான கோடை நடுப்பகலில் இவ்வெண் 11 ஐத் தாண்டுவது வழமை. குளிர்காலத்திலோ நடுப்பகலிலும் 1 அல்லது 2 தான். ஊரில் ஆண்டு முழுவதும் ஒரே சூரியன். இங்கே இரண்டு சூரியன்கள் என்றே கொள்ளலாம்.

கடிகாரமும் எம்மை ஏமாற்றும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்தி வைத்துள்ளமையால், ஒக்லாந்தில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கன்று, ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு. மதியச் சாப்பாடு முடிந்தது, இனி வெய்யில் தணியும் என்று பிள்ளைகளை வெளியே அனுப்பும் நேரமே உச்சிவேளை. மாணவர்களுக்குக் கடிகாரத்தைவிட நல்ல கருவி ஒன்று உண்டு. அது நிழல். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் தொப்பி வேண்டும்.

இனித் தோலுக்கு வருவோம். மேற்றோலின் அடியில் மெலனின் என்னும் நிறப்பொருளை ஆக்கும் கலங்கள் உள்ளன. வெள்ளையர், கறுப்பர் எவராயினும் இக்கலங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே என்பது எமக்கு வியப்பளித்தது. வேற்றுமை, அவை ஆக்கும் மெலனினின் அளவிலும் வகையிலுமே உள்ளது. ஆக்கப்பட்ட மெலனின் அயற் கலங்களுக்குப் பகிரப்பட்டு, ஒவ்வொன்றினதும் கருவின் மேல் ஒரு குடைபோலக் கவிந்து நிற்கின்றது. கருவினுள் இருக்கும் டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருளைக் கதிர் தாக்காமற் காப்பதே அக்குடையின் பணி. கதிர் கூடும்போது தோல் மேலும் மெலனினை ஆக்குகின்றது. நாம் 'கறுத்துப் போதல்' என்று வெறுப்பது இதுவே. அடி விழுந்த பின் தோல் உயர்த்திப் பிடித்த கேடயம் அது. அப்பம்மா கண்ட அடையாளம் சரியானதே. அதற்கு அவர் கூறிய காரணந்தான் வேறு.

ஆயினும் இக்குடை முழுக்காப்பு அன்று. 1979 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கறுப்பினத்தவரின் மேற்றோல் தரும் காப்பைச் சராசரியாக 13 என்றும், வெள்ளையரின் மேற்றோல் தருவதை 3 என்றும் கணித்தது. எம்மவர் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளவர்கள். கடைகளில் நாம் வாங்கும் களிம்பு 30 அல்லது 50 என்று குறிக்கப்பட்டிருப்பதை எண்ணிப் பார்த்தால், நான்கு மணி நேரம் கடற்கரையில் நின்ற பிள்ளை ஏன் வெந்தான் என்பது விளங்கும்.

அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மெலனோமா என்னும் தோற்புற்றுநோய் உலகிலேயே மிகுந்துள்ள நாடுகள். நியூசிலாந்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 300 பேர் அதனால் இறக்கின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வழியினர். எம்மவர்க்கு இந்நோய் அரிது என்பதை மறைத்து எவரையும் அச்சுறுத்த நாம் விரும்பவில்லை. ஆனால் அரிது என்பதே ஓர் ஆபத்தாகவும் அமைகின்றது. மாவோரி மக்களிடையேயும் இந்நோய் குறைவு. எனினும் அவர்களிடத்து அது கண்டறியப்படும்போது ஏற்கெனவே தடித்து வளர்ந்திருப்பது மிகுதி. கருந்தோலினருக்கு மெலனோமா வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் வருவது அதிகம். இவ்வகை வெய்யிலால் வருவதன்று. பாடகர் பொப் மார்லி 1981 இல் தமது 36 ஆவது வயதில் இறந்தது, காற்பெருவிரல் நகத்தின் அடியில் தோன்றிய இத்தகைய நோயினாலேயே. காலில் ஆறாத கறுப்புப் புள்ளி, நகத்தில் அகன்றுகொண்டே போகும் கருங்கோடு ஆகியவற்றைக் கண்டால் வைத்தியரிடம் காட்டத் தயங்கலாகாது.

காப்பு முறைகளைப் பாடசாலைகள் பிள்ளைகளுக்குக் கற்பித்தே வருகின்றன. முதலாந் தவணையிலும் நான்காந் தவணையிலும் தொப்பியில்லாப் பிள்ளை நிழலில் மட்டுமே விளையாடலாம் என்பது பல பாடசாலைகளின் விதி. விளிம்பு அகன்ற தொப்பியே தேவை. கிரிக்கெட் தொப்பி காதையும் கழுத்தையும் காவாது. நெருக்கமாக நெய்த சட்டை எக்களிம்பினும் சிறந்தது. நனைந்த மெல்லிய பருத்திச் சட்டையில் காப்புக் குறைந்துவிடும். களிம்பைப் பொறுத்தவரை எம்மவர் செய்யும் தவறு சிக்கனம். வளர்ந்தவர் ஒருவரின் உடல் முழுமைக்கும் ஏழு தேக்கரண்டி வேண்டும். வெளியே செல்வதற்குக் கால் மணி முன்பே பூசி, இரண்டு மணிக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். 2022 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி இங்கு விற்கப்படும் களிம்புகள் குறித்த தர நியமத்துக்கு அமைந்தாக வேண்டும். நாக உப்பு கலந்த களிம்பு எமது தோலில் வெண்மையாகத் தெரியும். எமது மகன் அதைப் பூசிக்கொண்டு, "திருநீறு பூசியாச்சு" என்பான். அப்பம்மாவுக்கு அது ஓரளவு பிடித்திருக்கின்றது.

இவ்வளவில் நிறுத்தினால் பாதிக் கதையையே கூறியவர்களாவோம். எம்மில் தாயானவர் பல ஆண்டுகளாக வெய்யிலை அறவே தவிர்த்தவர். காரோட்டும்போதும் கை கறுத்துவிடும் என்று நீண்ட கையுறை அணிந்தவர். தாயைப் பார்த்து வளர்ந்த மகள், பன்னிரண்டு வயதில், தனக்கு மிக விருப்பமான நெற்போல் விளையாட்டை விட்டுவிட்டாள். படிப்புக்காக என்றே நாம் எண்ணினோம். ஒரு திருமண வீட்டில் யாரோ, "நல்ல நிறமாயிருந்த பிள்ளை, மங்கிப் போச்சு" என்று கூறியதே காரணம் என்பது வெகு காலம் சென்றே தெரிந்தது. அன்று அதைக் கேட்டு நின்ற நாம் மறுத்துரைக்கவில்லை. சிரித்துக்கொண்டு நின்றோம்.

இதற்கிடையில் தாய்க்குத் தீராத அலுப்பும் கால்நோவும். இரத்தப் பரிசோதனையில் விற்றமின் டி மிகக் குறைவு என வந்தது. வைத்தியர் மாதம் ஒன்று வீதம் விழுங்கக் குளிகை தந்தார். தோலில் விழும் கழியூதாக் கதிரின் ஒரு பகுதியே உடலில் இந்த விற்றமினை ஆக்குகின்றது. மெலனின் குடை அக்கதிரையும் தடுப்பதால், கருந்தோலினருக்கு அதே அளவை ஆக்கக் கூடிய நேரம் வேண்டும். ஊரில் வெய்யில் தாராளமாக இருந்தமையால் முற்றம் பெருக்கும் நேரமும் கிணற்றடியில் நிற்கும் நேரமும் பெரிதும் உதவின. இங்கே குளிர்கால வெய்யில் மெலிந்தது. அதனையும் கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்தே காய்கின்றோம். சன்னற் கண்ணாடி வெப்பத்தை உள்ளே விடும். விற்றமின் டி ஆக்கும் கதிரையோ தடுத்துவிடும். அதேவேளை தோலை முதுமையாக்கும் மற்றவகைக் கதிரில் பெரும்பங்கை அது உள்ளே விடுகின்றது. கையுறை அணிந்து காரோட்டியவர் கண்ணாடிக்கு அப்பாலும் சிறிது நேரம் நின்றிருக்க வேண்டும்.

இது எமது வீட்டுக் கதை மட்டுமன்று. ஒக்லாந்தில் வாழும் தெற்காசியப் பெண்களைக் கொண்டே மாஸி பல்கலைக்கழகத்தில் பமேலா வான் ஹேர்ஸ்டும் அவருடன் பணியாற்றியோரும் ஓர் ஆய்வை நடத்தினர். அதற்குச் 'சூர்யா' என்றே பெயரிட்டனர். வெய்யில் பற்றி அப்பெண்கள் கொண்டிருந்த மனப்பாங்கும் அதில் ஆராயப்பட்டது. பெரும்பாலானோரிடம் விற்றமின் டி போதிய அளவில் இருக்கவில்லை. இக்குறைபாட்டுடன், இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத நிலையும் இருந்த 81 பெண்களுள் 42 பேருக்கு ஆறு மாதம் விற்றமின் டி கொடுத்து, ஏனையோருக்கு வெற்றுக் குளிகை கொடுத்து ஒப்பிட்டபோது, முதற்பிரிவினரில் அந்த இணக்கம் மேம்பட்டதை 2010 இல் வெளியிட்டனர். நீரிழிவு எமது வீடுகள்தோறும் இருப்பதை எண்ணுகையில் இது அலட்சியப்படுத்தத் தக்க செய்தியன்று. ஆயினும் குளிகையை அவரவர் விருப்பப்படி விழுங்குதல் தகாது. அளவை வைத்தியரே கூறவேண்டும்.

ஆகவே இரு சூரியன்களுக்கும் இரு வழக்கங்கள் தேவைப்படுகின்றன. செப்டெம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை, முற்பகல் பத்து மணியிலிருந்து பிற்பகல் நான்கு மணிவரை தொப்பியும் சட்டையும் நிழலும். மே தொடக்கம் ஆகஸ்ட் வரை, நடுப்பகலில் சட்டைக் கையை மடித்துவிட்டு வெளியே நடை. இன்று எமது வீட்டில் தாயும் மகளும் யூன் மாதத்து நண்பகலில் பூங்காவைச் சுற்றி வருகின்றனர்.

மகளிடம் பேசியது இலகுவாக இருக்கவில்லை. சங்கப் புலவர் பெண்ணின் மாநிறத்தை 'மாமை' என்று பெயரிட்டுப் போற்றியதைக் கூறினோம். எமது தெய்வங்களே கரியநிறத்தவர் அன்றோ என்றோம். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியெண்டால் அண்டைக்கு அந்த அன்ரிக்கு ஏன் ஒண்டும் சொல்லேல்லை?" என்றாள். சங்க இலக்கியம் அவ்விடத்தில் எமக்குத் துணைவரவில்லை. மன்னிப்புக் கேட்டோம். அடுத்த தவணையில் அவள் மீண்டும் நெற்போல் குழுவிற் பெயர் கொடுத்தாள்.

இவ்வாண்டுப் பொங்கலன்று வீட்டின் பின்முற்றத்தில் கோலமிட்டுப் பானை வைத்தோம். சூரியன் எழுந்து சற்று நேரமே ஆகியிருந்தது. பால் பொங்கி வழிந்ததும் அப்பம்மா கிழக்கு நோக்கிக் கைகூப்பி நின்றார். வெய்யில் அவர் முகத்தில் நேரே விழுந்தது. மகன் உள்ளே ஓடித் தன் தொப்பியை எடுத்து வந்தான். அவர் அருகே வந்தவன் ஒரு கணம் நின்று, புல்வெளியைக் கடந்து வேலிவரை நீண்டு கிடந்த அவரது நிழலைப் பார்த்தான்.

"இப்ப தேவையில்லை அப்பம்மா, நீங்கள் கும்பிடுங்கோ" என்று கூறித் தொப்பியைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.